ஆளுக்கொரு பேனா

நகரியில் நாகபூஷணத்துக்கு நான்கு பவர்லூம் தறிகள் இருந்தன. வீட்டின் முன்பாதியில் தறிகள், பின்பாதியில் குடும்பம். தறி ஓடும் நேரத்தில் அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அந்தப் பழக்கத்தில் நாகபூஷணம் எங்கே போனாலும் கத்தித்தான் பேசுவார். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அவருடைய வேண்டுதல் அடுத்த வரிசைக்குக் கேட்கும்.

ஒரே மகன் சந்துரு அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்து ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போனான். செல்போன் உதிரிகளைச் சேர்க்கும் கம்பெனி. அங்கே அவனுக்கு எதிர் மேசையில், பூதக்கண்ணாடியின் கீழே சரக்கைச் சோதிக்கும் வேலையில் மோனிகா என்ற பெண் இருந்தாள். ஒரு வருஷம் கழித்து, கட்டினால் இவளைத்தான் என்று சந்துரு ஊருக்கு வந்து நின்றான்.

மோனிகாவின் அப்பா தேவேந்திரனுக்குப் பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவர் அப்பா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு நிலம் கிடையாது. ஊரார் தோப்புகளில் கூலி வேலை. தேவேந்திரன் பெங்களூருவுக்குப் போய்ப் பல வருஷம் கட்டட வேலை செய்தார். திரும்பி வந்து ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு ரோட்டோரமாகச் சொந்தமாகவே இரண்டு ஏக்கர் வாங்கினார். என்ன வாங்கினாலும் சாதி வேறுதானே என்று நாகபூஷணத்தின் உறவுக்காரர்கள் சொன்னார்கள். நாகபூஷணம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பெண் பார்க்க அந்த ஊருக்குப் போனபோது, தேவேந்திரனின் மனைவி செல்லியம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் சொம்பை அவர் தொடவில்லை. விரதம் என்றார். அது எந்த விரதமும் இல்லாத நாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தேவேந்திரன் சொம்பை எடுத்து உள்ளே வைத்தார்.

கல்யாணம் திருப்பதியில் நடந்தது. சம்பந்திகள் இருவரும் பந்தலின் இரண்டு ஓரங்களில் நின்று, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லி, அப்படியே பிரிந்துபோனார்கள். சந்துருவும் மோனிகாவும் திருப்பதியிலேயே கொர்லகுண்டாவில் வீடு எடுத்தார்கள். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அதற்குள் நாகபூஷணத்தின் சர்க்கரை மாத்திரைகளுக்கு அடங்காமல் போய்விட்டது. காலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறவே இல்லை. மகன் பிடிவாதமாகத் திருப்பதிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி இன்சுலின்தான் என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்த நாகபூஷணம், நர்ஸ் அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து அப்படியே நின்றார். தேவேந்திரன்.

இது மோனிகா செய்த ஏற்பாடு. தேவேந்திரனுக்கும் சர்க்கரைதான். ஒரு வருஷமாகச் சின்னப் பாட்டிலிலிருந்து மருந்தைச் சிரிஞ்சில் இழுத்துத் தானே போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டாலும் கோடுகள் சரியாகத் தெரியவில்லை என்பதால் மருந்து உள்ளேயே இருக்க, அளவைத் திருப்பி வைத்துக் குத்தும் இன்சுலின் பேனாவுக்கு டாக்டர் அவரை மாற்றினார். மோனிகாவுக்குக் கிடைத்தது ஒரே நாள் லீவு. அப்பாவையும் மாமனாரையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று அவளே இரண்டு டோக்கன் போட்டுவிட்டாள்.

நர்ஸ் சுமித்ரா தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். இருவருக்கும் ஒரே மருந்துதான், ஒரே வகைப் பேனாதான், அதனால் சேர்ந்தே சொல்லித்தருகிறேன் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். கையைக் கழுவச் சொன்னார். மருந்து பால் மாதிரி ஒரே சீராக வெளுக்கும்வரை பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஊசியை மாட்டியதும் இரண்டு யூனிட் திருப்பி மேலே பார்த்து அழுத்தி, முனையில் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டாக்டர் சொன்ன அளவைத் திருப்ப வேண்டும். தலைமுடியை விட மெல்லிய நூலைக் கண் மூடி முடிச்சுப்போடும் நாகபூஷணத்துக்கு அந்தக் குட்டி ஊசியைத் திருகி மாட்டுவதற்குள் வேர்த்துவிட்டது.

முதலில் ஸ்பாஞ்சில் குத்திப் பழகினார்கள். பிறகு சுமித்ரா, எங்கே குத்த வேண்டும் என்று காட்டுகிறேன், சட்டையைத் தூக்குங்கள் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத இரண்டு சம்பந்திகளும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிறு தெரிய, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இன்றைக்கு ஒரு இடம் என்றால் நாளைக்கு இன்னொரு இடம் என்று சுமித்ரா இரண்டு வயிறுகளிலும் மாறி மாறி விரலை வைத்துக் காட்டினார். தேவேந்திரன் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

"உங்களுக்கு எடம் ஜாஸ்தி சம்பந்தி. மாத்தி மாத்தி குத்திக்கலாம்" என்றார்.

மோனிகா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நாகபூஷணம் முறைக்கத்தான் நினைத்தார். ஆனால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவுதான் முறைக்க முடியும்? அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும் முன் சுமித்ரா ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார். இரண்டு பேனாவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது, மருந்தும் ஒன்றுதான், அதற்காக ஒருத்தர் பேனாவை இன்னொருத்தர் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசியைப் புதிதாக மாற்றினாலும் கூடாது. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவுக்குள் ஏறியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் ஆளுக்கொரு பேனாதான். மோனிகா அங்கேயே பிளாஸ்திரி வாங்கி, இரண்டிலும் பேர் எழுதி ஒட்டினாள்.

ஸ்பாஞ்சில் குத்துவது வேறு, சொந்த வயிற்றில் குத்துவது வேறு என்று நகரிக்கு வந்த பிறகுதான் நாகபூஷணத்துக்குப் புரிந்தது. அவர் மனைவி கிருஷ்ணம்மா ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் சாயந்திரம் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நாகபூஷணம் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, இந்த விஷயத்தைக் கேட்கக்கூடிய ஒரே ஆளுக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, நீங்க குத்திக்கினீங்களா?"

"ஆச்சே. நீங்க?"

"இன்னும் இல்ல. பாத்துக்கினே கீறேன்."

"எத்த பாத்துக்கினு?"

"ஊசிய."

"அது உங்கள பாக்காது. நீங்களும் பாக்காதீங்க. குத்திட்டு பத்து வரிக்கும் எண்ணுங்க, அப்பால எடுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாகபூஷணம் குத்தினார். தேவேந்திரன் அங்கிருந்து எண்ணினார். பத்து வந்ததும் ஊசியை எடுத்துப் பார்த்தால், வலி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தறியில் தினமும் விரலில் படும் கீறல்கூட அதைவிட அதிகம். அவர் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் போன் வரும். சில நாள் அவர் போடுவார், சில நாள் இவர். ஊசி ஆச்சா என்பதில் ஆரம்பித்து, நூல் விலை, மாங்காய் ரேட்டு, மழை வருமா வராதா என்று போய், சாப்பாடு வைத்தாயிற்று என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் முடியும். போட்டு அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் பேச்சு அதற்கு மேல் நீளாது. கழற்றிய ஊசிகளை மூடி போட்ட கெட்டியான பினாயில் டப்பாவில் போட்டு வைக்கும் யோசனை தேவேந்திரனுடையது. ஊசிக்கு ஊசி மிச்சம் பிடிக்கலாமே, மூன்று நாளைக்கு ஒன்று போதாதா என்று நாகபூஷணம் ஒருநாள் கேட்டார். மழுங்கின ஊசியால் குத்தினால் தோல் முடிச்சு முடிச்சாகிவிடும், அதில் மருந்து ஏறாது என்று தேவேந்திரன் அடித்துச் சொல்லிவிட்டார். பழைய சிரிஞ்சுக் காலத்தில் அவர் அப்படிச் செய்து பட்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் நாகபூஷணம் ஊசி போட்டு முடித்த அதே நேரத்தில் மூன்றாவது தறியில் பாவு நூல் அறுந்தது. போட்டதுதான் போட்டோம், இழைகளை இணைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தார். ஒன்றை இணைத்தால் இன்னொன்று அறுந்தது. சாப்பாட்டு நினைப்பே போய்விட்டது. தேவேந்திரன் போன் செய்தபோது எடுத்தார், ஆனால் வார்த்தை ஒழுங்காக வரவில்லை. நூல், நூல் என்று எதையோ முணுமுணுத்தார். முணுமுணுத்ததுதான் தேவேந்திரனை உலுக்கியது. இந்த மனுஷன் மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

போனைக் கிருஷ்ணம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். இவர் கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தேவேந்திரன் போட்ட சத்தம் போனைத் தாண்டி அடுப்படிக்குக் கேட்டது. கிருஷ்ணம்மா ஓடிவந்து பார்த்தபோது புருஷன் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் வேர்த்துப்போய், கை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

"உக்காந்துனு கீறாரா? விழுங்குவாரா?" என்று தேவேந்திரன் கேட்டார். ஆமாம் என்றதும், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்கச் சொன்னார். கால்மணி நேரம் பார்த்துவிட்டு விரலில் குத்திச் சர்க்கரை மீட்டரில் பார்க்கவும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்கவும், ஏறினால் உடனே சாப்பாடு போடவும் சொன்னார். அதுவரை லைனைக் கட் பண்ணாமல் அங்கேயே நின்றார். கால்மணிக்குப் பிறகு நாகபூஷணம் போனை வாங்கி, யாருய்யா அது லைன்ல என்று கத்தினார். தேவேந்திரனுக்கு உயிர் வந்தது.

அதன் பிறகு நாகபூஷணத்தின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். ஊசி என்றால் அடுத்தது இலை என்று கிருஷ்ணம்மா சட்டம் போட்டுவிட்டார். தறி எரிந்தாலும் சரி.

மே மாதம் மாங்காய் அறுப்பு ஆரம்பித்தது. சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று தேவேந்திரன் கூப்பிட்டார். சுகர்காரனை மாம்பழம் தின்னக் கூப்பிடும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று நாகபூஷணம் சிரித்தார். ஆனாலும் கிளம்பினார்கள். பேனாவை மோனிகா வாங்கிக்கொடுத்திருந்த, தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் துணிப்பையில் வைத்து, சித்தூரில் பஸ் மாறி, மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பெண் பார்க்கும் நாளுக்குப் பிறகு நாகபூஷணம் அந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. செல்லியம்மா வாசலிலேயே சிரித்த முகமாக வரவேற்று, கடையில் வாங்கிய மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் வந்த தாகம். நாகபூஷணம் ஒரு பாட்டிலை அப்படியே குடித்து முடித்தார். எதற்காக பாட்டில் என்று அவர் யோசிக்கவில்லை. கிருஷ்ணம்மா தன் பாட்டிலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி சமையலறைக்குள் போய்விட்டார்.

ஆண்கள் இருவரும் தோப்புக்குப் போனார்கள். ஒரு மினி லாரியில் பெங்களூரா வகை மாங்காயை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சிட்டிபாபு சாயந்திரம் அதைச் சித்தூருக்கு அந்தப் பக்கம் உள்ள கூழ் தயாரிக்கும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று நாளாக இதே ஓட்டம்தான் என்றார் தேவேந்திரன். மண்டிக்கும் தொழிற்சாலைக்கும் லாரியிலேயே அலைந்து, போகிற இடத்தில் சாப்பாடு.

வீட்டுக்குத் திரும்பி, கைகால் கழுவிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட உட்கார்ந்தார்கள். தேவேந்திரன் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து தன் பேனாவை எடுத்துவந்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகபூஷணம் கையை நீட்டி அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு உருட்டியும் மருந்து சீராகவில்லை. திரிந்த பாலைப் போலப் பொடிப்பொடியாகப் பேனாவின் கண்ணாடிக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்று நாளும் பேனா அந்தப் பெட்டியில்தான் இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் தேவேந்திரன். மே மாத வெயிலில், கண்ணாடிக்குக் கீழே. மீட்டரில் குத்திப் பார்த்தார்கள். முந்நூறைத் தாண்டிக் காட்டியது. மூன்று நாளாகத் தாகம் தாகம் என்று இவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார் என்று செல்லியம்மா சொன்னார். வீட்டு ஃபிரிட்ஜில் வேறு பேனா இல்லை. நாளைக்குச் சித்தூரில் வாங்குவதாக இருந்தார். ஊர்க் கடையில் அது கிடைக்காது.

தேவேந்திரன் கொஞ்சமும் கவலைப்படவில்லை. புது ஊசி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"உங்க பேனாவ குடுங்க சம்பந்தி. என் ஊசிய மாட்டி போட்டுக்கறேன். ரெண்டும் ஒரே மருந்துதானே."

நாகபூஷணம் தன் பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, சட்டைப் பையில் வைத்தார். "வேணாம்" என்றார்.

தேவேந்திரன் சிரித்தார். நர்ஸம்மா சொன்னதெல்லாம் யாரோ எவரோ மாற்றிக்கொள்வதற்கு, நமக்குள் என்ன என்றார். நாகபூஷணம் மறுபடியும் தலையை ஆட்டினார். கொடுக்க முடியாது.

தேவேந்திரனின் முகம் மாறியது. நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். மூலையில் இருந்த காலி பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி. அன்னிக்கி சொம்பு, இன்னிக்கி பேனா. எனக்கு புரியுது."

செல்லியம்மா கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றார். நாகபூஷணத்துக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பார்வை தேவேந்திரனின் பார்வையைத் தொடர்ந்து அந்தப் பாட்டிலுக்குப் போனது. அப்போதுதான், தான் இந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று தெரிந்து செல்லியம்மா கடையிலிருந்து பாட்டில் வாங்கிவைத்திருக்கிறார் என்பதும், தான் அதை மடக்கு மடக்கென்று குடித்தது இவர்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பதும் அவருக்கு உறைத்தது. காது சூடாகிவிட்டது. பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டால் ஒரு நொடியில் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. கை சட்டைப் பைவரை போயும் விட்டது. ஆனால் அவர் கொடுக்கவில்லை.

வெளியே சிட்டிபாபு லாரியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. நாகபூஷணம் எழுந்தார்.

"எய்ந்திரிங்க. சித்தூருக்கு போய் புதுசு வாங்கினு வந்துரலாம்."

தேவேந்திரன், ஒருநாள் போடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்றார். முந்நூறுக்கு மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது என்று நாகபூஷணம் அவர் தோளைப் பிடித்து எழுப்பினார். சாப்பாட்டை மூடி வையுங்கள், வந்து சாப்பிடுகிறோம் என்று செல்லியம்மாவிடம் சொல்லிவிட்டு, சம்பந்தியை இழுத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த அந்தக் கேபினில் கொஞ்ச தூரம் மாங்காய்ப் பால் வாசனை மட்டும்தான் இருந்தது. சண்டையா என்று சிட்டிபாபு தெலுங்கில் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள்.

ஹைவேக்கு வந்ததும் நாகபூஷணம் பேசினார். லாரிச் சத்தத்துக்கு அவருடைய வழக்கமான குரல் சரியாக இருந்தது.

"அன்னிக்கி உங்க வீட்ல தண்ணி குடிக்காம வந்தேன். ஏன்னு கேட்டா எங்கிட்ட பதிலு இல்ல. இன்னிக்கி பேனா குடுக்கல. இதுக்கு பதிலு கீது. என் ரத்தத்துல இன்னா கீதுன்னு எனக்கே தெரியாது. அத்த எப்படி உங்க உடம்புல ஏத்தறது? நீங்க போன்ல சத்தம் போடலன்னா நான் இன்னிக்கி இங்க உக்காந்துனு இருப்பேனா?"

தேவேந்திரன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கம் தக்காளி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே, "என் ரத்தத்துல வெறும் மாங்கா சாறுதான் கீது" என்றார். சிட்டிபாபு முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள்.

சித்தூரில் மெடிக்கல் ஷாப்காரர் டாக்டர் சீட்டு கேட்டார். சீட்டு யாரிடமும் இல்லை. மோனிகாவுக்குப் போன் போட்டதும் அவள் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினாள். அத்தோடு நிறுத்தாமல், பேனாவை வெயிலில் வைத்ததற்காக அப்பாவை ஸ்பீக்கரில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். கடைக்கு வந்தவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். கிளினிக்குக்கும் அவளே போன் செய்து கேட்டுவிட்டாள். நேரமாகிவிட்டாலும் சாப்பாட்டுக்கு முன் வழக்கமான அளவை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும், விட்டதற்கும் சேர்த்து அதிகமாகப் போடக் கூடாது, தூங்கும் முன்னும் காலையிலும் மீட்டரில் பார்க்க வேண்டும், இறங்கவில்லை என்றால் நேராக வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து பேனாவை எடுத்தார். நாகபூஷணம் அதை வாங்கி, காலாவதித் தேதியைத் தானும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் சம்பந்தியின் கையில் கொடுத்தார். தேவேந்திரனுக்கும் ஒரு நனைக்கிற துணிப்பை வாங்கினார்கள்.

பக்கத்திலேயே ஒரு டிபன் ஓட்டல். இங்கேயே போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டுவிடலாமே என்றார் தேவேந்திரன்.

"இன்னாத்துக்கு? வீட்ல சம்பந்தியம்மா ஆக்கி வெச்சிக்கீறாங்க. அங்க போய் துன்னலாம்" என்றார் நாகபூஷணம். பெங்களூரு போகும் பஸ் ஒன்று பங்காருபாளையத்தில் நிற்கும் என்றார்கள். ஓடிப்போய் ஏறினார்கள்.

வீட்டில் இரண்டு பெண்களும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மோனிகா அவர்களுக்கும் போன் செய்திருந்தாள். பேனாவின் குளிர்ச்சி போகும்வரை காத்திருந்து, பேர் எழுதி ஒட்டி, சம்பந்திகள் இருவரும் சுவரோரம் உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார்கள். இந்தத் தடவை நாகபூஷணம் எண்ணினார். அந்தப் பத்து அடுத்த தெருவரை கேட்டது.

கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், கீரைக் கடைசல். செல்லியம்மா பழக்கத்தில் இன்னொரு பாட்டிலை எடுத்துவந்தார்.

"அது வேணாம்மா. கொடத்து தண்ணியே குடு" என்றார் நாகபூஷணம்.

செல்லியம்மா பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு மொண்டுவந்து கொடுத்தார். நாகபூஷணம் குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறதே, போரா கிணறா என்று கேட்டார். கிணறு என்றார் தேவேந்திரன். இன்னொரு சொம்பு குடித்தார். பேச்சு கிணற்று ஆழத்துக்குப் போனது, அங்கிருந்து தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் போனது.

சாப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு மாம்பழம். அதற்கு மேல் கிடையாது என்று பெண்கள் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். எனக்குச் சின்னத் துண்டு வந்துவிட்டது என்று நாகபூஷணம் புகார் சொன்னார். கொட்டைப் பக்கம் சேர்ந்தால் கணக்கில் வருமா வராதா என்று தேவேந்திரன் கேட்டார். பெண்கள் மிச்சப் பழத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

காலையில் தேவேந்திரனுக்கு மீட்டர் ஒழுங்கான நம்பரைக் காட்டியது. தறிக்கு ஆள் வந்து காத்திருப்பார்கள், கிளம்பலாம் என்று நாகபூஷணம் அவசரப்படுத்தினார். கிருஷ்ணம்மா சமையலறையை விட்டு வரவில்லை. செல்லியம்மாவோடு சேர்ந்து ஆவக்காய் ஊறுகாய் போடப் பெரிய ஜாடியைக் கழுவிக் காயவைத்திருந்தார். மாங்காய் வெட்டி, காரம் கலந்து, ஊறவைத்து எடுக்க நான்கு நாளாவது ஆகுமாம். நீங்கள் வேண்டுமானால் போங்கள் என்றார்.

ஊசி போட்டதும் எனக்கு யார் சாப்பாடு போடுவது என்று நாகபூஷணம் கேட்டார். அரிசி டப்பா எங்கே இருக்கிறது என்று கிருஷ்ணம்மா சொன்னார்.

தேவேந்திரன் அவரை பஸ் ஏற்றிவிட வந்தார். கூடவே தறிக்காரர்களுக்கு என்று ஒரு மூட்டை மாம்பழம். கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார். இது சாப்பிடுகிற சாமான், லக்கேஜ் இல்லை என்று தேவேந்திரன் தெலுங்கில் வாதாடினார். கண்டக்டர் விடவில்லை. நாகபூஷணம் உள்ளேயிருந்து தமிழில் சேர்ந்துகொண்டார். அந்தக் குரலைக் கேட்டு முன்சீட்டில் இருந்த குழந்தை எழுந்துவிட்டது. கடைசியில் கண்டக்டர், மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதாக இருந்தால் சரி, அப்புறம் கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்லக்கூடாது என்றார்.

அப்படியே உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகச் சம்பந்திக்குக் கையை ஆட்டிவிட்டு, மூட்டையைக் கட்டிப் பிடித்தபடியே நாகபூஷணம் சித்தூர்வரை தூங்கிக்கொண்டு போனார்.